குடும்பத்தினர் அனைவரும் இருக்க வேண்டும்

ஏஜென்சி பெண்மணி அனுப்பிய மின்னஞ்சலில் ஒரே ஒரு வரி மட்டும் தடித்த எழுத்தில் இருந்தது. நேர்காணலின்போது குடும்பத்தினர் அனைவரும் இருக்க வேண்டும்.

அதற்காகத்தான் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இரண்டே முக்காலுக்கு ஹென்னிங் வந்து வாசல் மணியை அடித்தான். பிப்ரவரி வரைக்கும் இது அவனுடைய வீடாகவும் இருந்தது. இப்போது ரயில் நிலையத்துக்குப் பின்னால் ஒரு சைக்கிள் கடையின் மாடியில் இரண்டு அறை எடுத்துக்கொண்டு இருக்கிறான். இந்த வீட்டுச் சாவி இன்னும் அவனிடம் இருக்கிறது. இருந்தும் மணியடித்தான். அந்த மரியாதை எனக்கு எரிச்சலாக வந்தது.

"எவ்வளவு நேரம் ஆகும்?" என்றான், ஷூவைக் கழற்றிக்கொண்டே.

"அரை மணி நேரம். நீ பக்கத்துல உக்காந்து சிரிச்சா போதும்."

"சிரிக்கணுமா?"

"அந்த போட்டோல சிரிச்சிருக்க இல்ல, அதே மாதிரி சிரி."

ஏஜென்சியின் இணையப் பக்கத்தில் எங்கள் படம் ஒன்று இருக்கிறது. இரண்டு வருடத்துக்கு முன்னால் தீவுக் கடற்கரையில் எடுத்தது. நான்கு பேரும் பல் தெரியச் சிரித்துக்கொண்டிருப்போம். எடுத்துப் பத்து நிமிஷத்தில் நானும் ஹென்னிங்கும் கார் நிறுத்தக் கட்டணம் யார் கட்டியிருக்க வேண்டும் என்று சண்டை போட்டது படத்தில் தெரியாது.

நான் ரயில் ஓட்டுகிறேன். ஓல்டன்பர்க்கிலிருந்து ப்ரெமனுக்குப் போகும் முதல் வண்டி என்னுடையது, நாலு முப்பத்தெட்டு. வீட்டைவிட்டு மூன்று நாற்பதுக்குக் கிளம்ப வேண்டும். கிண்டர்கார்டன் திறப்பதோ ஏழரைக்கு. இடைப்பட்ட நேரத்துக்கு இதுவரை பக்கத்து வீட்டுப் பெண்மணி வந்து சோபாவில் படுத்துக்கொண்டாள். அவளுக்கு இடுப்பில் அறுவை சிகிச்சை நடக்கப்போகிறது. ஒரு வருடத்துக்கு வெளிநாட்டிலிருந்து வந்து, நம்மோடேயே தங்கி, பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டு, நம் மொழியையும் கற்றுக்கொண்டு போகும் ஓ பேர் பெண் யாராவது கிடைத்தால் நான் பிழைத்தேன். கிடைக்காவிட்டால் செப்டம்பரிலிருந்து மேசை வேலை. பழுதுப் புகார்களைக் கணினியில் ஏற்றும் வேலை. எந்தப் பக்கம் என்று பணிப் பொறுப்பாளர் ப்ரூனிங்கிடம் நாளைக்குள் சொல்லியாக வேண்டும்.

மேசை வேலை ஒன்றும் கேவலமில்லை. ஆனால் எட்டு மணி நேரம் யாரும் "அம்மா" என்று கூப்பிடாத ஒரே இடம் அந்த ஓட்டுநர் அறைதான். முன்னால் தண்டவாளம், இரண்டு பக்கமும் பனி மூடிய புல்வெளி, அங்கங்கே மாடு. அதையும் பிடுங்கிக்கொண்டால் நான் என்ன ஆவேன் என்று எனக்கே தெரியவில்லை. பயமாக இருந்தது. அதை யாரிடமும் சொல்லவும் தெம்பில்லை.

இது ஏழாவது நேர்காணல். முதல் பெண் எங்கள் ஊரில் கடல் உண்டா என்று கேட்டாள். இல்லை, மழை உண்டு என்றேன். அதோடு சரி. இரண்டாமவளுக்கு ம்யூனிக்கில் நீச்சல் குளம் உள்ள வீடு கிடைத்துவிட்டது. அடுத்த மூன்று பேரும் ஒரே இடத்தில் பின்வாங்கினார்கள். தனியாக இருக்கும் அம்மா, அதுவும் விடிவதற்கு முன்னால் கிளம்பிப் போய்விடுகிற அம்மா என்றதும் முகம் மாறியது. ஆறாவது பெண் நன்றாகத்தான் பேசினாள். மறுநாள் அவளுடைய அப்பாவிடமிருந்து கடிதம் வந்தது. 'என் மகள் உதவிக்குத்தான் வர நினைத்தாள், தாயாக அல்ல' என்று எழுதியிருந்தார். முகம் தெரியாத அந்த மனிதர் மேல் ஒரு வாரம் கோபமாக இருந்தேன். அவர் சொன்னதில் தப்பில்லை என்பதுதான் கோபத்துக்குக் காரணம்.

அதற்குப் பிறகுதான் எங்கள் பக்கத்தில் 'தனியாக வாழும் தாய்' என்ற வார்த்தைகளை அழித்துவிட்டுக் கடற்கரைப் படத்தை ஏற்றினேன். ஹென்னிங்கிடம் கேட்டேன். அரை மணி நேரம்தானே என்று ஒத்துக்கொண்டான். குற்ற உணர்ச்சி இருக்கிற மனிதனிடம் வேலை வாங்குவது சுலபம்.

ஒத்துக்கொள்ளாதவள் மகள் டில்டாதான். ஒன்பது வயது. பொய் என்றால் அவளுக்கு உடம்பில் ஏதோ ஊர்கிற மாதிரி.

"நான் நடிக்க மாட்டேன்" என்று சனிக்கிழமையே சொல்லிவிட்டாள்.

"நடிக்க வேணாம். வாய மூடிட்டு உக்காரு."

"நீங்க பொய் சொல்றப்ப நான் அங்க இருக்க மாட்டேன். எழுந்து பாத்ரூம் போயிடுவேன்."

"சரி, போ."

"எத்தனை தடவை வேணா போவேன்."

"போம்மா தாயே, போ."

நாலு வயது ஓலேயிடம் எதையும் விளக்கவில்லை. அவன் அப்பாவைப் பார்த்ததும், "இன்னைக்கு அப்பா நாள் இல்லையே!" என்று ஒரு கத்து கத்திவிட்டு அவன் காலைக் கட்டிக்கொண்டான். பிறகு தன் மர ரயிலோடு மேசைக்கடியில் போய் உட்கார்ந்துகொண்டான்.

மேசையில் ஆப்பிள் கேக் வைத்திருந்தேன். கற்கண்டு போட்டு டீ ஊற்றினேன். ஹென்னிங் அவனுடைய பழைய நாற்காலியில் உட்காரப் போனவன், கொஞ்சம் தயங்கி, பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தான்.

"அங்கயே உக்காரு. நீ இங்க குடியிருக்க" என்றேன்.

சரியாக மூன்று மணிக்குத் திரையில் முகம் வந்தது. ஒரு நொடி முன்னே பின்னே இல்லை. அதிலேயே எனக்குப் பாதி மனசு இளகிவிட்டது.

இஸ்திரி போட்ட வெள்ளைக் காலர், இறுக்கிப் பின்னிய சடை, கையில் ஒரு நோட்டு. பின்னால் வெறும் சுவர். பேசுவதற்கு முன்னால் ஒருமுறை எச்சில் விழுங்கினாள்.

"வணக்கம். என் பெயர் கேதேவான். என்னைக் கேதோ என்று அழைக்கலாம். எனக்கு இருபத்திரண்டு வயது. நான் ஜார்ஜியா நாட்டில், குத்தாய்சி நகரத்தில் வசிக்கிறேன்."

மேசைக்கடியிலிருந்து ஓலேயின் குரல் வந்தது. "இவ ஏன் நியூஸ் வாசிக்கற மாதிரி பேசறா?"

"நான் இந்த மொழியைப் புத்தகத்தில் படித்தேன்" என்றாள் கேதோ, முகம் கோணாமல். "அங்கே வந்தால் உன்னைப் போல் பேசக் கற்றுக்கொள்வேன்."

ஓலே மேசைக்கடியிலிருந்து தலையை நீட்டி அவளை ஒருமுறை பார்த்துவிட்டுத் திரும்ப உள்ளே போனான்.

என்னிடம் இருபத்துமூன்று கேள்விகள் தயாராக இருந்தன. அட்டையில் செருகி வைத்திருந்தேன். ஆறு பேரிடம் கேட்டுக் கேட்டு எனக்கே சலித்துப்போன கேள்விகள்.

"சிகரெட் பிடிப்பியா?"

"இல்லை."

"நீச்சல் தெரியுமா?"

"தெரியாது."

"சைக்கிள்? இங்க சைக்கிள் இல்லாம ஒண்ணும் நடக்காது."

"தெரியாது. கற்றுக்கொள்வேன். விழுவேன் என்று நினைக்கிறேன்."

"சமையல்?"

"தெரியும். ஆனால் நீங்கள் சாப்பிடுவது தெரியாது."

"கவலப்படாத" என்றான் ஹென்னிங். "நாங்க ராத்திரி ரொட்டிய வெட்டி வெண்ணெய் தடவிட்டு அதையே சாப்பாடுன்னு சொல்லிக்குவோம்."

கேதோ சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது. ஒரு நிமிஷம் அந்த மேசையைச் சுற்றி நிஜமாகவே ஒரு குடும்பம் உட்கார்ந்திருக்கிற மாதிரி இருந்தது. தெரியாது என்று கூசாமல் சொல்கிற பெண். முந்தைய ஆறு பேருக்கும் எல்லாம் தெரிந்திருந்தது. இவள் வேண்டும் என்று எனக்குத் தோன்றிவிட்டது. ஆசைப்படாத வரைக்கும் பொய் சொல்வது அவ்வளவு கனமாக இல்லை.

அவளும் நோட்டைத் திறந்தாள். "நானும் கேள்விகள் வைத்திருக்கிறேன். கேட்கலாமா?"

"கேளு."

"திரு ஹார்ம்ஸ், உங்கள் வேலை என்ன?"

"நகராட்சியில மரங்கள சோதிக்கறேன். எது நிக்கும், எது விழும்னு பாத்து எழுதறது."

"மாலையில் குழந்தைகளைத் தூங்க வைப்பது யார்?"

"மாத்தி மாத்தி" என்றேன் நான்.

"நான் பாத்ரூம் போறேன்" என்றாள் டில்டா. போய்விட்டு வந்தாள்.

"வார இறுதியில் நீங்கள் ஒன்றாக என்ன செய்வீர்கள்?"

"காட்டுப் பக்கம் நடப்போம்" என்றான் ஹென்னிங்.

"நான் பாத்ரூம் போறேன்."

கேதோ அவள் போவதைப் பார்த்தாள். "உங்கள் மகளுக்கு உடல் நலமில்லையா?"

"ஆப்பிள் ஜூஸ் நிறைய குடிச்சிட்டா" என்றேன். கதவைச் சாத்தும் சத்தம் கொஞ்சம் பலமாகவே கேட்டது.

கேதோ நோட்டில் ஒரு வரியின் மேல் விரலை வைத்துக்கொண்டாள். "திருமதி ஹார்ம்ஸ், நீங்கள் அதிகாலை மூன்று நாற்பதுக்குப் போகிறீர்கள். நீங்கள் அனுப்பிய அட்டவணையில் என் வேலை ஆறரைக்குத்தான் ஆரம்பிக்கிறது. நடுவில் வெள்ளையாக இருக்கிறது. அந்த நேரத்தில் குழந்தை எழுந்து அழுதால், யார் இருப்பார்?"

இருபத்துமூன்று கேள்வி எழுதியவளுக்கு இந்த ஒரு பதிலைத் தயார்செய்ய வேண்டும் என்று தோன்றவில்லை. ஹென்னிங் என் முகத்தைப் பார்த்தான். எனக்கு உதவுவதாக நினைத்துக்கொண்டுதான் சொன்னான்.

"நான் இருப்பேன்."

அப்போதுதான் திரும்பி வந்து உட்கார்ந்த டில்டா ஒன்றும் சொல்லாமல் மறுபடி எழுந்து போனாள்.

மேசைக்கடியில் ரயில் நின்றது. ஓலே வெளியே வந்தான்.

"நாளைக்குக் காலையிலயா?"

ஹென்னிங் டீயைக் கலக்கினான்.

"அப்பா, நாளைக்குக் காலையிலயும் இங்க இருப்பியா?"

"பாக்கலாம்டா" என்றான் ஹென்னிங்.

பார்க்கலாம் என்றால் சரி என்று அர்த்தம் என்பது ஓலேயின் முடிவு. மாடிக்கு ஓடினான். மேலே இழுப்பறை திறக்கும் சத்தம், ஏதோ உருளும் சத்தம். இறங்கி வந்தபோது கையில் ஒரு பல் துலக்கும் பிரஷ் இருந்தது. நீலம், கைப்பிடியில் டைனோசர். போன மாதம் பல் டாக்டர் பரிசாகக் கொடுத்தது. பிரிக்காமலே வைத்திருந்தான். அதை ஹென்னிங்கின் டீக் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்தான்.

"இது உனக்கு. உன்னோடது அங்க இருக்குல்ல."

ஹென்னிங் அந்த பிரஷ்ஷையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் கேக்கை வெட்டினேன். யாருக்கும் வேண்டியிருக்கவில்லை, ஆனாலும் வெட்டினேன்.

"இன்னும் ஒரு கேள்வி" என்றாள் கேதோ. "அட்டவணையில், ஒன்றுவிட்டு ஒரு வெள்ளிக்கிழமை, பதினேழு மணி, பச்சை நிறம். 'பிள்ளைகள் ஹென்னிங் வீட்டில், ஞாயிறு பதினெட்டு மணி வரை.' இந்த ஹென்னிங் வேறு ஹென்னிங்கா?"

என் முகத்தில் ஈயாடவில்லை.

அந்த அட்டவணையை நான்தான் அனுப்பினேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் முழுக்க உட்கார்ந்து போட்டேன். சட்டப்படி வாரத்துக்கு முப்பது மணி நேரம்தான் வேலை வாங்கலாம், கால் மணி நேரம்கூடக் கூடாது. கூட்டிப் பார்த்தால் முப்பத்திரண்டு வந்தது. பிள்ளைகள் அவன் வீட்டுக்குப் போகும் வார இறுதிகளைக் கழித்தால் முப்பது சரியாக வந்தது. கழித்தேன். ஏன் கழித்தேன் என்பதைப் பச்சை நிறத்தில் எழுதினேன். எழுதாவிட்டால் கணக்கு புரியாதே. மூன்று தடவை சரிபார்த்துவிட்டு அனுப்பினேன், திருப்தியாகப் பெருமூச்சுகூட விட்டேன். பொய் சொல்வதென்று முடிவுசெய்த பிறகும் அட்டவணையைத் தப்பாகப் போட எனக்குக் கை வரவில்லை. எங்கள் ஊர்க்காரர்களுக்கு இது ஒரு வியாதி.

பாத்ரூமிலிருந்து டில்டா கத்தினாள். "நான் ஒண்ணும் சொல்லல! அப்புறம் என்னைத் திட்டக் கூடாது!"

"அதே ஹென்னிங்தான்" என்றேன்.

பிறகு வாய் நிற்கவில்லை. பிப்ரவரி, சைக்கிள் கடை மாடி, ஆறு பெண்கள், ஒரு அப்பாவின் கடிதம், நாளைக்கு ப்ரூனிங்குக்குச் சொல்ல வேண்டிய பதில், எல்லாவற்றையும் கொட்டினேன். அவளுக்கு எவ்வளவு புரிந்ததோ தெரியாது. மெதுவாகப் பேச வேண்டும் என்று தோன்றவே இல்லை.

"அந்தக் காலை நேரத்துல நீ மட்டும்தான் இருப்ப. வேற யாரும் கிடையாது. அத மறைச்சது தப்பு. மன்னிச்சிடு. வேணாம்னா இப்பவே சொல்லிடு. எனக்குப் பழகிடுச்சு."

கேதோ நோட்டை மூடிவைத்தாள். ஹென்னிங் நாற்காலியைப் பின்னால் தள்ளினான், எழுந்து போய்விடலாமா என்கிற மாதிரி.

"நான் மூன்று முறை படித்தேன். அகராதியை வைத்துக்கொண்டு படித்தேன்" என்றாள் அவள். "நேற்றே எனக்குத் தெரியும். நீங்கள் சொல்வீர்களா என்று பார்க்க வந்தேன்."

"சொல்லியிருக்கணும்."

"ஆமாம்." வார்த்தைகளைத் தேடுகிறாள் என்று தெரிந்தது. "என் அம்மா கிரீஸ் நாட்டில் வேலை செய்கிறாள். ஒரு முதியவரைப் பார்த்துக்கொள்கிறாள். பதினொரு வருடம். தொலைபேசியில், ஈஸ்டருக்கு வருவேன் என்று சொல்வாள். நான் வீட்டைச் சுத்தம் செய்வேன். வரமாட்டாள். பிறகு கிறிஸ்துமஸுக்கு வருவேன் என்று சொல்வாள். அவளுக்கு அனுமதித் தாள்கள் இல்லை, வெளியே வந்தால் திரும்பிப் போக முடியாது. எல்லோருக்கும் அது தெரியும். சித்திக்குத் தெரியும். அண்டை வீட்டாருக்குத் தெரியும். நான் மட்டும் சுத்தம் செய்வேன்."

நான் கேள்வி அட்டையைக் கவிழ்த்து வைத்தேன்.

"என்னிடம் பொய் சொன்னது பரவாயில்லை" என்றாள். "நான் பெரியவள். படித்துக் கண்டுபிடித்தேன். அவனுக்குப் படிக்கத் தெரியாது."

ஓலே ஹென்னிங்கின் முழங்காலில் சாய்ந்து, பிரஷ்ஷின் பிளாஸ்டிக் உறையை நகத்தால் கிழிக்கப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"முதலில் அவனிடம் சொல்லுங்கள். நான் காத்திருக்கிறேன்."

ஹென்னிங்குக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "இத பாரு, இது எங்க வீட்டு விஷயம். வேலைக்கு வரப் பேசறப்ப..."

"அவ சொல்றதுல என்ன தப்பு?" என்றேன்.

"ஸ்வென்யா, இந்தப் பொண்ணு முன்னாடி வச்சா?"

"வேற எப்ப சொல்லப் போற? மூணு மாசமா நீயும் சொல்லல, நானும் சொல்லல. அப்பாவுக்கு அங்க நிறைய மரம் பாக்க வேண்டியிருக்குன்னு சொல்லி வச்சிருக்கோம். அவன் மரமெல்லாம் முடியட்டும்னு காத்துட்டிருக்கான்."

என் குரல் உயரவில்லை. உயர்த்துவதற்கும் தெம்பு வேண்டும் அல்லவா. பாத்ரூம் கதவு திறந்தது. டில்டா கூடத்து வாசலில் வந்து நின்றாள், இந்த முறை உட்காரவில்லை, போகவும் இல்லை.

ஹென்னிங் நாற்காலியிலிருந்து இறங்கித் தரையில் உட்கார்ந்தான். ஓலேயின் உயரத்துக்கு வருவதற்கு அவனுக்குக் கொஞ்ச நேரம் ஆனது.

"ஓலே. அப்பா நாளைக்குக் காலையில இங்க இருக்க மாட்டேன்."

"நாளன்னைக்கு?"

"இல்லடா."

"மரமெல்லாம் முடிஞ்சப்புறம்?"

"மரத்துக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல. நான் பொய் சொல்லிட்டேன். அம்மாவும் நானும் இனிமே ஒரே வீட்டுல இருக்க மாட்டோம். உன்கிட்ட கோவம் ஒண்ணும் இல்ல. நீ ஒண்ணும் பண்ணல."

"எனக்கு அஞ்சு வயசு ஆனப்புறம்?"

ஹென்னிங் என்னை நிமிர்ந்து பார்த்தான். ஏதாவது சொல்லிக் காப்பாற்று என்று கேட்கிற பார்வை. பதினான்கு வருடம் அந்தப் பார்வைக்கு நான் ஏதாவது செய்துகொண்டுதான் இருந்தேன். இன்றைக்குச் செய்யவில்லை.

"அப்பவும் இல்லடா" என்றான். "ஒண்ணுவிட்டு ஒரு வெள்ளிக்கிழமை நீ அங்க வருவ. அங்க நான் இருப்பேன். அது நிச்சயம். ஆனா இங்க இல்ல."

ஓலே யோசித்தான். பிறகு அவன் கையிலிருந்த பிரஷ்ஷைத் தன் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனான்.

"அப்ப இது எனக்கு."

"உனக்குத்தான்."

அவன் திரும்பித் திரையைப் பார்த்தான். அங்கே கேதோ அசையாமல் உட்கார்ந்திருந்தாள். கண்ணைத் துடைத்திருந்தாளோ என்னவோ, மூக்கு நுனி சிவந்திருந்தது.

"நீ வருவியா?"

நான் கேட்க வேண்டிய கேள்வி அது. இருபத்துநான்காவது கேள்வி. கேட்க எனக்குத் துணிச்சல் வந்திருக்காது.

"விசா கிடைத்தால் வருவேன்" என்றாள் கேதோ. "கிடைக்காவிட்டால் வரமாட்டேன். எனக்கு இன்னும் தெரியாது. வந்தால் ஒரு வருடம் இருப்பேன். பிறகு போய்விடுவேன்."

"எவ்வளவு நாள் ஒரு வருஷம்?"

"உனக்கு ஒரு பிறந்தநாள் வரும். ஒரு கிறிஸ்துமஸ் வரும். ஒரு கோடை வரும். அவ்வளவுதான்."

"போறப்ப சொல்லிட்டுப் போவியா?"

"சொல்லிவிட்டுப் போவேன்."

"நான் கிண்டர்கார்டன்ல இருக்கறப்ப போக மாட்டியே?"

"போகமாட்டேன். நீ வீட்டில் இருக்கும்போது போவேன். வாசல் வரைக்கும் நீ வரலாம்."

"சரி" என்றான் ஓலே.

பிப்ரவரியில், ஒரு வியாழக்கிழமை காலை, அவன் கிண்டர்கார்டனில் களிமண்ணில் ஏதோ செய்துகொண்டிருந்தபோதுதான் ஹென்னிங்கின் பெட்டிகளை வண்டியில் ஏற்றினோம். ஒன்பதிலிருந்து பதினொன்றரைக்குள் முடித்துவிட வேண்டும் என்று நாள்காட்டியில் குறித்ததே நான்தான். பிள்ளை பார்க்காமல் இருந்தால் வலிக்காது என்று நினைத்தேன். சாயங்காலம் வந்தவன் காலியான கோட் ஸ்டாண்டைப் பார்த்தான், ஒன்றும் கேட்கவில்லை. அதற்குப் பிறகு ஒருமுறைகூட அவன் அழவில்லை. நல்லபடியாக எடுத்துக்கொண்டான் என்று நான் எல்லோரிடமும் பெருமையடித்துக்கொண்டேன்.

"திருமதி ஹார்ம்ஸ்" என்றாள் கேதோ. "அந்த வெள்ளை நேரத்துக்கும் நிறம் போடுங்கள். நான் தூங்கினாலும் நான்தான் இருக்கிறேன். அது வேலை. அதை எழுதி அனுப்பினால் கையெழுத்துப் போடுவேன்."

"முப்பதத் தாண்டிடுமே."

"அது உங்கள் கணக்கு."

"சாயங்காலம் உனக்கு வேலை வேணாம். நானே வந்து பாத்துக்கறேன். அப்ப சரியா வரும்."

"நல்லது. அப்படியே எழுதுங்கள்."

"என்னை நீங்க வாங்கன்னெல்லாம் சொல்லாத. ஸ்வென்யான்னு கூப்பிடு, நீன்னே பேசு."

"இன்று முடியாது" என்றாள், மிகவும் பணிவாக. "வந்த பிறகு முயற்சி செய்கிறேன்."

திரை அணைந்தது. நாளைக்கு ப்ரூனிங்கிடம், போடுங்க, முதல் வண்டிய நானே ஓட்டறேன் என்று சொல்லலாம். விசா வரும் வரைக்கும் அதுவும் நிச்சயமில்லை, அப்படித்தான் அவரிடமும் சொல்ல வேண்டும். துள்ளிக் குதிக்க வேண்டிய நேரம். எனக்கோ அப்படியே மேசையில் தலையை வைத்துப் படுத்துவிடலாம் போல இருந்தது.

டில்டா வந்து உட்கார்ந்து வெட்டிவைத்த கேக்கில் பெரிய துண்டாகப் பார்த்து எடுத்துக்கொண்டாள். "இவ வந்தா நல்லாருக்கும்" என்றாள் வாய் நிறைய. "உங்க ரெண்டு பேர விட இவ பரவால்ல."

ஹென்னிங் மெல்ல எழுந்து முன்வாசலுக்குப் போய் ஷூவை மாட்டினான். ஓலே மறுபடி மேசைக்கடியில் போய் ரயிலை ஓட்ட ஆரம்பித்திருந்தான். ஹென்னிங் எப்போதும் இந்த நேரம் பார்த்துத்தான் நழுவுவான். பிள்ளை விளையாட்டில் இருக்கும்போது கதவைச் சத்தமில்லாமல் சாத்திக்கொண்டு போவதில் அவன் கெட்டிக்காரன், அதை அவனுக்குக் கற்றுக்கொடுத்தவள் நான். கதவு திறக்கும் சத்தம் கேட்டது. சாத்தும் சத்தம் கேட்கவில்லை. ஷூவோடேயே திரும்பி உள்ளே வந்தான். கம்பளத்தின் மேல் அந்த ஷூவோடு நடந்தான். நான் ஒன்றும் சொல்லவில்லை. மேசைக்கருகில் குனிந்தான்.

"ஓலே, அப்பா கிளம்பறேன்."

ரயில் நின்றது. ஓலே வெளியே வந்து, அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு வாசல் வரைக்கும் போனான். ஹென்னிங் படியிறங்கி, சைக்கிளில் ஏறி, மூலை திரும்பும் வரைக்கும் நின்று பார்த்தான். அதற்கப்புறம் அழ ஆரம்பித்தான்.

மூன்று மாதத்து அழுகை. தரையில் விழுந்து, காலை உதைத்துக்கொண்டு, மூச்சு வாங்கிக்கொண்டு அழுதான். நான் அவன் பக்கத்தில் ஷூக்களுக்கு நடுவில் உட்கார்ந்தேன். ஒன்றுமில்லை கண்ணா என்று சொல்ல நாக்கு வரை வந்தது. சொல்லவில்லை. டில்டா எட்டிப் பார்த்தாள்.

"ஏம்மா, அவன சமாதானப்படுத்தேன்."

"அழட்டும்டி" என்றேன். "நீயும் வேணா வந்து உக்காரு."

வந்து உட்கார்ந்தாள். மூன்று பேருமாக வாசல் கதவைக்கூடச் சாத்தாமல் உட்கார்ந்திருந்தோம். எதிர்வீட்டுக்காரர் வேலிக்கு மேலாக எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.